தொரை கரையேறிய கதை

எங்கள் ஜீப்பில் அரசியல் பேசினால் பாதி வழியிலேயே முடிந்துவிடும். மாமியார் கதை என்றால் எஸ்டேட் கேட் வரைக்கும் தாங்கும். அந்த உளவாளிப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் மட்டும், ஜீப்பை விட்டு இறங்கி, இடுப்பில் பையைக் கட்டி, ஏலச்செடிக்கு அடியில் குனிந்த பிறகும் ஓயாது. செடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, முகம் தெரியாமலே சண்டை போடுவோம். "பிஞ்சையும் சேத்துப் பறிக்கிறீகளேடி, காயைப் பாத்து எடுங்க" என்று கங்காணி கத்துவார். அவரும் அந்தப் படங்களுக்குக் கிறுக்குப் பிடித்தவர்தான், அதனால் அந்தக் கத்தலுக்கு நாங்கள் பெரிதாக மரியாதை கொடுப்பதில்லை.

நான் கேரள எல்லையில் கம்பம்மெட்டில் இருக்கிறேன். காலையில் ஜங்ஷனில் டீக்கடை முன்னால் ஜீப் நிற்கும், பெண்கள் எல்லோரும் ஏறி உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவோம். நான் சொல்லும் படங்கள் வெளிநாட்டுப் படங்கள், ஒரே கதாநாயகனை வைத்துப் பாகம் பாகமாக எடுப்பது, தமிழில் குரல் கொடுத்து கீழே கம்பத்தில் தியேட்டருக்கு வரும். இந்தப் பக்கம் மலையேறினால் அதே படம் மலையாளத்தில் ஓடும். கதாநாயகனுக்கு அதில் ஏதோ பெயர் உண்டு, எங்கள் வாயில் நுழையவில்லை. எஸ்டேட் பக்கம் வெள்ளைக்காரன் என்றாலே தொரைதான். ஆகவே அவனும் எங்களுக்குத் தொரை ஆகிவிட்டான்.

இந்தக் கிறுக்கை ஆரம்பித்து வைத்தவர் ஜீப் ஓட்டிய அண்ணன். அவர் மனைவியும் எங்களோடு காய் எடுப்பவர், எனக்கு மதினி. வீட்டில் என்ன பேசிக்கொள்வார்களோ தெரியாது, ஜீப்பில் ஏறிவிட்டால் அவர் டிரைவர், இவர் வேலைக்காரப் பெண். மதினி புருஷனை "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவார். "டிரைவரே, உங்க ரெண்டாவது பாகத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்பார். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம்.

அண்ணன் ரெண்டாவது பாகத்துக் கட்சி. அதில் தொரை பிரேக் பிடிக்காத லாரியை மலைப்பாதையில் இறக்குவான். "கொண்டை ஊசி வளைவுல கியரைக் குறைக்கிறான் பாரு. வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்தான்யா அந்தப் படத்தை எடுத்திருக்கான். மத்ததெல்லாம் சும்மா டமால் டுமீல்" என்பார். மதினிக்கு நாலாவது. "எந்தப் பாகத்துலயாச்சும் தொரை ஒரு வாய் சோறு தின்னுருக்கானா? ஓடுறான், குதிக்கிறான், கண்ட கண்ணாடியை உடைக்கிறான். நாலாவதுல மட்டும்தான் ஒரு மீன்காரி வீட்டுல உக்காந்து வயித்துக்குத் திங்கிறான். அதுலதான் அவன் மனுசன்." எனக்கு மூணாவது பாகம். கதாநாயகி காயம்பட்ட தொரையை முதுகில் சுமந்துகொண்டு பனியில் நடப்பாளே, அதுதான். அதை லவ் படம் என்று ஒதுக்கி வைத்தார்கள். நான் தனி ஆளாக நின்று கத்தினேன். எனக்கு வாய் ஜாஸ்தி, எங்கள் வீட்டிலேயே அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார். படத்தைக் கண்ணால் பார்த்தவர்தான் பேச வேண்டும், காதால் கேட்டவர் வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். கதை கேட்டுவிட்டு வந்து அளந்தவர்களை இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவார். "தொரை சட்டை என்ன கலரு?" என்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் கண் போனது.

சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்திருந்தது அவருக்கே தெரியவில்லை. எங்கள் ஊரில் அது தெரியாமல் போக நல்ல காரணம் இருந்தது. வருஷத்தில் பாதி நாள் காலையில் பனி மூடிக் கிடக்கும், எங்கள் வாயில் அது மஞ்சு. முன்னால் போகும் வண்டி தெரியாது. அவர் பாட்டுக்கு விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவார். ஒரு நாள் காலை வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு என்ன மஞ்சு இப்பிடிக் கொட்டுது?" என்றார். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் மலையில் தோட்டத்து வீடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மதினி பின் சீட்டிலிருந்து இறங்கி முன்னால் போய், "டிரைவரே, சாவியை எடுங்க" என்றார். அவர் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சாவியை மதினி உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

மதுரைக்குக் கூட்டிப்போய் லேசர் வைத்தார்கள். வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியது. அதோடு அண்ணன் வீட்டுக்குள் முடங்கினார். கதவைத் தாண்டி வரமாட்டார், யார் போனாலும் "ம்" என்பதோடு சரி. எனக்குப் பொறுக்கவில்லை. கண்தானே போச்சு, வாய் எங்கே போச்சு என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அதற்கும் ஒரு "ம்". நெடுங்கண்டத்து மலையாளி ஒருவர் ஜீப் ஓட்ட வந்தார். மதினி வேலைக்கு வந்தார், காய் எடுத்தார், ஜீப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். தொரையைப் பற்றி யாரும் பேசவில்லை. புருஷன் பேச்சை மீட்டுக் கொண்டுவர முடியாதா என்றுதான் அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. "சோறு திங்கிறாரு, தூங்குறாரு. எங்கூட ஒரு சண்டை போட மாட்டேங்கிறாருடி" என்று ஒரு நாள் செடிக்குள்ளிருந்து சொன்னார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு காயைப் பறித்தேன்.

அப்போதுதான் ஆறாவது பாகம் கம்பத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு எல்லோருமாகப் போவதென்று முடிவு செய்து, ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்தினோம். அண்ணன் கட்டிலை விட்டு எழவில்லை. "கண்ணால பாக்காதவன் பேசக்கூடாது. நான் போட்ட சட்டம். நீங்க போயிட்டு வாங்க" என்றார். நாங்கள் கெஞ்சினோம். நான் கொஞ்சம் அதட்டியும் பார்த்தேன். அசையவில்லை. மதினி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சட்டம் போட்டது டிரைவரு. இப்ப நீங்க டிரைவரு இல்ல. சட்டையைப் போடுங்க."

ஐயோ, இப்படியா சொல்வது என்று நான் மதினி கையைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "அந்த நீலச் சட்டையை எடு" என்றார்.

தியேட்டரில் அவருக்கு ஒரு பக்கம் மதினி, மறுபக்கம் நான். புது டிரைவர், தான் ஏற்கெனவே மலையாளத்தில் பார்த்தாயிற்று என்று சொல்லி வெளியே ஜீப்பிலேயே தூங்கப் போய்விட்டார். படம் ஆரம்பித்ததும் மதினி காதோடு காதாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்களால் சும்மா இருக்க முடியுமா?

"இப்ப மாடியில இருந்து குதிக்கிறான்."

"மாடி இல்ல மதினி, பாலம்."

"ரெண்டு பேரு தொரத்துறாங்க."

"மூணு பேரு, நல்லாப் பாருங்க."

"ஏய், யாராச்சும் ஒருத்தி சொல்லுங்கடி, எனக்கு மண்டை காயுது!" என்றார் அண்ணன். எத்தனையோ மாசம் கழித்து அந்தக் குரல் அப்படி உயர்ந்தது. பின் வரிசையில் ஒருவர், "ஏம்மா, படத்தைப் பாக்க விடுங்கம்மா" என்று எரிந்து விழுந்தார். நான் திரும்பி, "எங்கண்ணனுக்குக் கண்ணு தெரியாதுய்யா, உமக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு, பாரும்" என்றேன். இடைவேளைக்குப் பிறகு அந்த ஆளே முன்னால் குனிந்து, "அண்ணே, வில்லன் கத்தியை ஷூவுக்குள்ள வச்சிருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் ஒரு கப்பல் எரிகிறது. உள்ளே மாட்டிய ஜனங்களை எல்லாம் படகில் ஏற்றிவிட்டு, தொரை மட்டும் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். விட்டால் எல்லோரும் சாவார்கள். விடவில்லை. கப்பல் அவனோடு முங்கிப்போகிறது. அப்புறம் பேச்சே இல்லை. கடற்கரையில் கதாநாயகி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அலைச்சத்தம் மட்டும் கேட்கிறது.

மதினி பேச்சு நின்றுவிட்டது. ஆறு பாகமாக வளர்த்த பிள்ளை மாதிரி இருந்தவன், இப்படிப் போய்விட்டானே பாவி என்று எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"என்னாச்சு?" என்றார் அண்ணன். "என்னாச்சுன்னு சொல்லு புள்ள."

"குதிச்சிட்டான்" என்றார் மதினி. "கதவை விட்டுட்டு கடைசி நேரத்துல தண்ணிக்குள்ள குதிச்சிட்டான். நீந்துறான். தப்பிச்சிட்டான்ங்க."

எங்கள் வரிசை முழுக்க ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்த அந்த ஆளும் மூச்சு விடவில்லை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. விம்மல் சத்தம் அண்ணனுக்குக் கேட்டுவிடுமோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, படம் முடியும் முன்னரே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி மலையேறும்போது ஜீப் முழுக்க அண்ணன் குரல்தான். இந்தப் பாகம்தான் ஒசத்தி, ரெண்டாவதைவிட ஒரு படி மேல், கப்பலில் இருந்து தப்பித்த சாமர்த்தியம் லாரியில் இல்லை என்றார். மதினி வழக்கம்போல மறுத்துப் பேசினார். நாங்கள் இருட்டில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, இல்லாத முடிவுக்கு ஆமாம் போட்டுக்கொண்டு வந்தோம். அந்தக் குரல் திரும்பி வந்ததே, எங்களுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அண்ணன் தினமும் காலையில் மதினி கையைப் பிடித்து ஜங்ஷன் டீக்கடைக்கு வருவார். ஜீப் கிளம்பும் வரை பால் ஊற்றாத கட்டன்சாயாவை வைத்துக்கொண்டு எங்களோடு சண்டை. இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் புது டிரைவர் பேச்சில் நுழைந்தார். "எந்தா சேட்டா பறயுந்நது? லாஸ்ட்டில் ஹீரோ மரிச்சுப் போகுமல்லோ!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதினி முகம் வெளுத்துவிட்டது. என் வாய் எனக்கு என்றைக்காவது உதவியிருக்கிறது என்றால் அன்றைக்குத்தான்.

"அது மலையாளத்துல அப்பிடிச் சேட்டா. தமிழ்ல வேற க்ளைமாக்ஸ்."

"ஒரே படத்தினு ரெண்டு க்ளைமாக்ஸோ?"

"பின்னே? எங்க ஊருல ஹீரோ செத்தா ஜனம் சும்மா விடுமா? சீட்டைக் கிழிச்சிருவாங்கல்ல. அதனால கம்பத்துக்கு மட்டும் வேற எடுத்து அனுப்புறான்" என்று ஒரே போடாகப் போட்டேன். எல்லாப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். டீக்கடைக்காரரும் தலையாட்டினார். டிரைவர் குழம்பிப்போய், கம்பத்துக்குப் போய் இன்னொரு தடவை பார்க்க வேண்டியதுதான் என்று முனகிக்கொண்டு ஜீப்பைக் கிளப்பப் போனார். அண்ணன் மட்டும் கிளாஸை உருட்டிக்கொண்டு, "இருக்கும், இருக்கும்" என்றார்.

மதினி இடம்பிடிக்க ஜீப்பில் ஏறினார். நானும் எழுந்தபோது அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"நல்லாத்தான் சமாளிச்ச. தொரை செத்தது எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள."

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"அஞ்சு பாகத்துலயும் முடியுறப்ப தொரைக்குன்னு ஒரு மியூசிக் வரும். இதுல வரல. நீயும் எந்திரிச்சு ஓடுன."

"பின்ன ஏண்ணே ஒண்ணும் சொல்லல?"

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"படம் முடிஞ்சு லைட்டுப் போட்டுட்டான். வெளிச்சம்தான் எனக்குத் தெரியுமே. எல்லாரும் எந்திரிச்சுப் போற சத்தம் கேக்குது. இவ மட்டும் நிப்பாட்டாம சொல்லிக்கிட்டே இருக்கா. எந்தக் கரையில ஏறுனான், யாரு ஓடி வந்து துண்டு குடுத்தா, ஈரத் தலையை யாரு துவட்டிவிட்டான்னு. வெறுந் திரையைப் பாத்துக்கிட்டு. அதை எப்பிடிப் புள்ள நிறுத்தச் சொல்ல?"

ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள்.

"அவகிட்ட சொல்லிராத. தொரை உசுரோட இருந்தாத்தானே அடுத்த பாகத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போவா" என்றார்.

ஓடிப்போய் ஏறி மதினி பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்னடி சொல்றாரு உங்கண்ணன், அவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"அடுத்த பாகம் எப்ப வருதுன்னு கேக்குறாரு மதினி."

மதினி குனிந்து டீக்கடைப் பக்கம் பார்த்தார். வண்டி கிளம்பிவிட்டது.

"வரட்டும், போவோம்" என்றார்.