சாந்தோம் ஆப்பக்காரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுக்கூட வேலைக்காக மயிலாப்பூருக்கு வந்தேன். ஊரெல்லாம் தமிழ்தான். ஆனால் நான் வாய் திறந்தால் "மலையாளமா?" என்று கேட்டார்கள். காப்பி கிளப்பின் இனித்த சாம்பார் என் நாக்குக்குப் பழகவேயில்லை. பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் அறைக்குத் திரும்புவேன்.

சாந்தோம் கடற்கரையில் ஆப்பம் விற்ற ஒரு அம்மாளிடம் மட்டும் தேங்காய்ப்பால் மணக்கும் மீன் குழம்பு கிடைத்தது. ஒடுங்கிய உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய பற்கள். குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்த பிறகே யாருக்கும் ஊற்றுவாள்.

ஒரு நாள் காலை தந்தி வந்தது. எங்கே போவதென்று தெரியாமல் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டிக் கீது?"

"அம்மா மோசம் போயிட்டா."

"மோசமா? எவன் மோசம் பண்ணான்?"

எங்கள் ஊரில் சாவை அப்படித்தான் சொல்வோம். அவளுக்கு அது புரியவில்லை.

"செத்துப் போயிட்டா" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவள் குழம்புச் சட்டியை மூடினாள். "ஆத்தா செத்த அன்னிக்கு மீன் துன்னக் கூடாது நைனா" என்று வெறும் ஆப்பத்தில் சர்க்கரை தூவித் தந்தாள். வந்தவர்களிடம் "கொழம்பு இல்ல, போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வழக்கம்போல் அடுப்பை மூட்டி ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவனுக்காக ஒரு நாள் பிழைப்பை ஏன் விட்டாள் என்று இன்றும் யோசிக்கிறேன். அத்தனை பெரிய நகரத்தில் என் தாய்க்குத் துக்கம் காத்தவள் அவள் ஒருத்திதான்.