ஆத்தா வந்த வாரமும் எட்டு வீட்டுப் பாலும்

போன வாரம் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், இரண்டாவது தளத்தில் ஒரு வீட்டுக் கதவில், காலிங்பெல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலையை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். லிஃப்ட் கதவு மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம், எந்தக் குழந்தைக்கோ, சீக்கிரம் இறங்கட்டும் என்றுதான் மனசு நினைத்திருக்க வேண்டும். எனக்கு நாக்கில் பால் ருசி வந்தது. ஆடை கட்டிய, சர்க்கரை தூக்கலாகப் போட்ட, லேசாக விறகுப்புகை ஏறிய பால். மற்றவர்களுக்கு அம்மை என்றால் அரிப்பும் தழும்பும் நினைவுக்கு வரும். எனக்குப் பால்தான்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே வந்தால், வீடு கட்டாத மனைகள் நிறைய கிடந்த காலம் அது. அந்த மனைகளின் ஓரத்தில் எங்கள் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு முருங்கை, நாலைந்து கோழிகள், இரண்டு கறவை மாடுகள். அப்பா புல் அறுப்பார், மாடு கழுவுவார், சாணி அள்ளுவார். கறப்பதும் கேனைத் தூக்கிக்கொண்டு சிட்லபாக்கம் பக்கம் போய் எட்டு வீட்டுக்கு ஊற்றுவதும் அம்மா. நான் பள்ளிக்கூடம் போவேன். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான் என்பதால், அதையும் ஒரு வேலையாகத்தான் வீட்டில் மதித்தார்கள். நானும் அந்த மதிப்பைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பால்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாலில் குளிப்பார்கள் என்று வகுப்பில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. உண்மை என்னவென்றால், பால் விற்பதற்கு. ஊற்றி முடித்துக் காலியாக வரும் கேனைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசினால் வெள்ளையாக ஒன்று வருமே, அதில்தான் எங்கள் வீட்டு டீ. ஒரு டம்ளர் முழுக்கப் பால் குடிப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு ஒன்பதாம் வகுப்புவரை தெரியாது.

அந்த வருஷம் மாசி மாதக் கடைசியில் தம்பிக்கு ஜுரம். மறுநாள் குளிக்கப் போனவன் முதுகைக் காட்டினான். முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா."

நான் அறிவியல் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, இது வைரஸ் என்று விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்சவங்க அந்தப் பேர் வெச்சி கூப்பிடுறாங்க போல" என்றாள். பிறகு வேப்பங்கொத்து ஒடிக்கப் போனாள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு கிடையாது, கவுச்சி கிடையாது. வீட்டை விட்டு ஒரு பொருள் வெளியே போகக்கூடாது. பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாக ஒரு கரண்டி உப்புகூடத் தரமாட்டார்கள். அப்படியானால் பால்?

அப்பா தொழுவத்துப் பக்கம் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். வேப்பிலையைப் பின்கதவில் கட்டிவிடலாம். தெருவுக்குத் தெரியாது. பால் அது பாட்டுக்குப் போகட்டும். ஒரு வாரம் நிறுத்தினால் எட்டு வீடும் பாக்கெட் பாலுக்குப் போய்விடும், அப்புறம் திரும்பிவராது.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த எட்டு வீடுதான் எங்கள் அரிசி, மாட்டுக்குப் பிண்ணாக்கு, என் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புக்கு நான் போவேனா மாட்டேனா என்பதே அந்தக் கேனில்தான் ததும்பிக்கொண்டிருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் வாயைப் பார்த்தேன்.

"அவங்க வூட்லயும் கொயந்தைங்க கீதுங்க" என்றாள் அம்மா. கொத்தை எடுத்துப்போய், தெருவே பார்க்கிற மாதிரி முன்வாசலில் கட்டினாள்.

அடுத்த நாள் அப்பாவுக்குக் கழுத்தில் மூன்று முத்து. "பின்கதவுல கட்டுறேன்னியே, அவளுக்குக் காது கேட்டுடுச்சு பாரு" என்றாள் அம்மா. அவள் அவரைத் திட்டியது அந்த வாரத்தில் அதுதான் கடைசி. ஏனென்றால் அம்மை கண்டவர் உடம்பில் அம்மனே இருக்கிறாள். அவரை ஏசக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும். தினமும் "யோவ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷனை அம்மா "தாயே" என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

அப்பா முதலில் கூச்சப்பட்டார். அரை நாள்தான். அதற்குப் பிறகு இளநீர் கேட்டார், தலையணை கேட்டார், தலையணை உயரம் என்றார். தம்பியும் பாயில் படுத்தபடியே, "அக்கா, ஆத்தாவுக்கு அரிக்குது" என்பான். நான் வேப்பிலையால் வருடிவிட வேண்டும். இரண்டு அம்மன்களுக்கு நடுவே நான் ஒருத்தி. கைக்குழந்தையாக இருக்கும்போதே எனக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டதாம். அந்த அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டு விசிறினேன். மூன்றாம் நாள் அப்பா மெதுவாக ஒரு பீடி கேட்டார். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு, மிகுந்த பணிவோடு, "தாயே, எந்தக் கோயில்லயும் உனக்கு பீடி வெச்சி நான் பாத்ததில்ல" என்றாள்.

எட்டு வீட்டுக்கும் தகவல் சொல்லப் போனதும் நான்தான். யார் வீட்டு வாசலையும் மிதிக்காதே, கேட்டைத் தொடாதே என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே நடுத்தெருவில் நின்று, தபால்காரர் மாதிரிக் குரல் கொடுத்தேன். பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் வெளியே வந்து, "இது வெறும் வைரஸ்மா. பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம், நீ கொண்டு வா" என்றார். முதல் நாள் வீட்டில் நான் பேசிய அதே பேச்சு. ஆனால் நடுத்தெருவில் நின்றபோது எனக்கு அம்மாவின் கட்சிதான் வாயில் வந்தது. "இல்ல சார், வூட்ல இருந்து எதுவும் வெளிய போகக்கூடாது" என்றேன். கடைசி வீட்டு அக்கா, புதிதாகக் கல்யாணமாகி வந்தவர், "பரவாயில்லடா, நான் பாக்கெட் வாங்கிக்கிறேன்" என்று சிரித்தார். அவ்வளவு சுலபமாக அவர் சொன்னதும், திரும்பி வரும் வழியெல்லாம் எட்டில் ஒன்றைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மாட்டுக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குக் கறந்தது. விற்கக்கூடாது, தரக்கூடாது, கீழே ஊற்றினால் பாவம். கன்றுக்குட்டிகள் வயிறு முட்டக் குடித்துவிட்டு நிற்க முடியாமல் நின்றன. மிச்சத்தை அம்மா தயிராக உறை ஊற்றினாள், மோராகக் கடைந்தாள். அப்புறமும் மிஞ்சியதைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "உனக்குத்தான், குடி" என்றாள்.

அந்த வாரம் முழுக்கப் பால், பால்சோறு, தயிர்சோறு, மோர். ஜுரம் இறங்கிய தம்பிக்கு மேலுதட்டில் எப்போதும் வெள்ளை மீசை. மத்தியானங்களில் நான்கு பேரும் முருங்கை நிழலில் பாய் போட்டுப் படுத்திருப்போம். அம்மா பகலில் படுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நோய் வந்த வீடு என்று யாரும் எட்டிப்பார்க்கவும் இல்லை. நாங்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தோம். நடுநடுவே அப்பா மட்டும், "அந்த பேங்க்கு சார் வூட்ல இன்னா பண்ணுவாங்க?" என்று முருங்கைக் கிளையைப் பார்த்துக் கேட்பார். அம்மா மோர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்துவாள்.

அம்மை இறங்கியதும், வெயிலில் காய்ந்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அப்பாவுக்கும் தம்பிக்கும் அம்மா தலைக்கு ஊற்றினாள். கோயிலுக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த நாள் காலை கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன்.

பேங்க் சார் பாத்திரத்தோடு கேட்டிலேயே நின்றார். பாக்கெட் பால் காப்பியை ஒரு வாரமாக மனைவிக்குத் தெரியாமல் செம்பருத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தாராம். நான்கு வீடுகளில் ஒன்றுமே நடக்காத மாதிரி வாங்கிக்கொண்டார்கள். மற்ற மூன்று வீட்டு கேட்டிலும் பை தொங்கியது, உள்ளே பாக்கெட். அம்மா நடையை நிறுத்தவில்லை. கடைசி வீட்டு அக்காதான் ஓடிவந்து, "பாக்கெட்டே பழகிடுச்சுக்கா" என்று சங்கடப்பட்டார்.

"பழகுனத ஏன் விடணும்? வெச்சுக்கோம்மா" என்றாள் அம்மா. குத்தினாளா, வாழ்த்தினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மூன்று வீட்டுப் பாலில் பாதியை பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மீதியைக் காய்ச்சி எங்கள் இருவர் முன்னால் வைத்தாள் அம்மா. "மூணு வூட்டுப் பால் நிக்குது. படிக்கிற புள்ளைங்க குடிக்கட்டும்."

நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன். பிறகு காட்டாங்குளத்தூரில் வேலை கிடைக்கும்வரை படித்தேன். இடையில் ஒரு வீடு ஃபிரிட்ஜ் வாங்கியது, பால்காரருக்குக் காத்திருப்பது நின்றது. ஒரு வீடு இடிபட்டு அடுக்குமாடி ஆயிற்று. ஒவ்வொரு வீடு நிற்கும்போதும் எங்கள் டம்ளர் கொஞ்சம் பெரிதானது. வியாபாரம் சுருங்கச் சுருங்க நாங்கள் சதை போட்டோம். கடைசியில் பேங்க் சார் வீடு மட்டும்தான். மாடு மேய்ந்த மனைகளில் எல்லாம் வீடு வந்து, புல்லுக்கு அப்பா சைக்கிளில் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. ஆசைதீரப் பால் இருந்த காலத்தில்தான் மாடுகளை விற்றோம்.

வண்டியில் அவற்றை ஏற்றிவிட்ட அன்று மாலை, வேலையிலிருந்து வரும்போது பால் வாங்கிவரச் சொல்லி அம்மா போன் செய்தாள். எதை வாங்குவது என்று கேட்டேன். "ஆரஞ்சு கவர் வாங்கு. நீலம் தண்ணியா இருக்கும். பச்சை பரவால்ல, ஆனா ஆடை கட்டாது" என்றாள்.

எங்கள் வீட்டுக்குள் அதுவரை ஒரு பாக்கெட் வந்ததில்லை. பாக்கெட்டுக்குப் போன அந்த மூன்று வீட்டிலும் போய் விசாரித்து, எந்தக் காலத்திலோ எல்லாவற்றையும் ருசி பார்த்து வைத்திருக்கிறாள்.