மைல்கல்லருகே அசைந்த வெள்ளைத் துணி

1948-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினாறாம் நாள். மழை விட்டும் தூவானம் விடவில்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்துகிடந்த அந்த அந்தி வேளையில், அபிராமபுரத்து மருத்துவர் ஒருவரின் காரோட்டியான பவுல்சாமி, சாந்தோம் சாலையில் காரைத் தனியே ஓட்டிவந்து போலீசாரிடம் அகப்பட்டார்.

வேகத்தை அளக்க அவர்கள் கையாண்ட முறை எளியது. மைல்கல்லருகே ஒரு கான்ஸ்டபிள் கொடியுடன் நிற்பார். வண்டி தம்மைக் கடந்ததும் அதை அசைப்பார். அதைக் கண்டவுடன், சாலையின் மறுகோடியில் நிற்கும் சார்ஜெண்டு ஸ்டாப் வாட்சை ஓடவிடுவார்; வண்டி தம்மிடம் வந்ததும் நிறுத்துவார். பவுல்சாமி வரம்பை மீறியதாக அந்த வாட்ச் காட்டிற்று. முன்பே ஒருமுறை தண்டனை பெற்றவர் அவர். இம்முறை குற்றம் உறுதியானால் லைசென்சு பறிபோகும். வண்டி ஓட்டுவதன்றி வேறு தொழில் அறியார்.

ஆகவே வழக்காடத் துணிந்தார். சக காரோட்டி அப்துல் கஃபார் சிரித்தார்.

"போலீஸ் கடியாரத்து மேலயே கேசா, நைனா? குறுக்குக் கேள்வி கேட்டா பதில் சொல்ல அதுக்கு வாய் கீதா இன்னா?"

நீதிமன்றத்தில் வாட்சைச் சோதித்தார்கள். அது இம்மியும் பிசகவில்லை. பவுல்சாமி சார்ஜெண்டின் பக்கம் திரும்பினார். வாட்ச் சரி, அதை ஓடவிட்ட நேரம் சரிதானா என்று கேட்டார். வெள்ளைத் துணி அசைந்த மறுகணமே ஓடவிட்டதாகச் சார்ஜெண்டு அலட்சியமாகச் சொன்னார்.

மைல்கல்லருகே நின்ற கான்ஸ்டபிள் பொன்ராஜ் தலைகுனிந்தார். "என் கொடி சிவப்புங்க. அன்னைக்கு நனைஞ்சு கம்புல சுத்திக்கிச்சு. நான் அசைக்கவே இல்லீங்க."

அசைத்தவர் யார் என்று மாஜிஸ்திரேட்டு பவுல்சாமியைக் கேட்டார். குப்பத்துப் பெண் ஒருத்தி என்று மட்டும் அவர் சொன்னார்.

மைல்கல்லைத் தாண்டி வெகுதூரம் வந்தபின், காரின் பின்புறம் காட்டும் கண்ணாடியில் அவளைக் கண்டிருந்தார். கட்டுமரங்களுக்குக் கரைகாட்டத் துணி வீசுவது பட்டினப்பாக்கத்துப் பெண்களின் வழக்கம். அவர் கண்ட தேவானையோ, கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனுக்காக, அவனது வெள்ளை வேட்டியை ஆண்டுக்கணக்காய் வீசியவள். அன்று அவள் கடலை நோக்கி நிற்கவில்லை. காரை நோக்கி வீசிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் முன்பு, ஆவணியில், அவளுடைய உடலை ஆஸ்பத்திரியிலிருந்து குப்பத்துக்குக் கொண்டுவந்தது இதே காரின் பின்னிருக்கையில்தான். ஓட்டிவந்தவரும் பவுல்சாமியே.

சைகையே பிழையென்றால் கணக்கும் பிழை. வழக்கு நிற்காது என்றார் மாஜிஸ்திரேட்டு. தீர்ப்பெழுதப் பேனாவை எடுத்தவர், ஒப்புக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"ஆக, நீ வேகமாக ஓட்டவில்லை. அப்படித்தானே?"

ஆமென்று ஒரு சொல் போதும். பவுல்சாமி கூண்டின் கட்டையைப் பற்றிக்கொண்டார்.

"அவளைப் பாக்கறவரைக்கும் மெதுவாத்தான் ஓட்டினேன், ஐயா. பாத்தப்புறம் வேகமாத்தான் ஓட்டினேன்."