கோமதி தண்ணீர் குடிக்க மறுத்த வாரம்

மதுரைக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகியும் எனக்குப் பழகாத ஒன்று, இங்கே சூடு என்னும் சொல்லின் ஆட்சி. கண் சிவந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. தேர்வுக்கு முன் எனக்குத் தலைசுற்றியதும் சூடுதான். யாழ்ப்பாணத்தில் நாமும் சூடு, குளிர் பார்ப்பவர்களே. ஆயினும் அங்கே வேறு நோய்களுக்கும் சிறிது இடம் விட்டுவைத்திருக்கிறோம். பழங்காநத்தத்தில் நான் தங்கிப் படிக்கும் வீட்டின் பார்வதியக்கா, தன் ஆறு வயது மகள் கோமதி சிறுநீர் கழிக்கும்போது அலறியதையும் சூட்டின் கணக்கிலேயே சேர்த்தார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். இளநீர் சீவிக் கொடுத்தார். குழந்தையோ, குடித்தால் போகவேண்டி வருமென்று டம்ளரைத் தள்ளிவிட்டது. பள்ளிக்கூடமும் நின்றது. நான்காம் நாள் பாவாடையில் மஞ்சள் கறையைக் கண்டதும் அக்காவின் முகம் மாறியது. டாக்டரிடம் காட்டலாமே என்றேன்.

“சும்மா இரு தாயி. இம்புட்டுப் புள்ளைக்கு வெள்ளைபடுதுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் கட்டுவான்? சுத்தமா வச்சா சரியாப் போகும்.”

அன்றுமுதல் காலையும் மாலையும் கார்பாலிக் சோப்பால் தேய்த்து, வேப்பிலை வெந்நீர் ஊற்றி, மஞ்சள் பூசினார். புண் கூடிற்று, கூடவே கழுவலும் கூடிற்று. வெந்நீர்ப் பானையைக் கண்டாலே கோமதி கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

எனக்கு இந்த நோய் தெரியும். என் ஆறாம் வயதில் அம்மா என்னை எங்களூர் மாட்டுவண்டியான திருக்கல் வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். போகும்போதும் வரும்போதும், ஒருவரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. தமக்கையிடமும் சொல்லவில்லை. அடிமுதல் முடிவரை பெண்ணை வருணிக்கும் செய்யுள்களைப் பாடம் செய்தவள் நான். ஒரு குழந்தையின் உடம்பில் வலிக்கும் இடத்தைக் குறிக்க, கூசாமல் சொல்லத்தக்க ஒரு சொல் என்னிடம் இல்லை. ஆறாம் நாள் அடுப்படியில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“எனக்கும் இருந்தது அக்கா. இவளின்ரை வயதிலை. ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள். ஒரு கிழமையிலை சுகம் வந்திட்டுது.”

“எந்தக் கிழமை? செவ்வாயா, வெள்ளியா?”

ஏழு நாள் என்று விளக்கினேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “உனக்கா? நெசமாவா?” என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு, “ஜட்காவுக்குச் சொல்லிட்டு வாரேன்” என்று எழுந்தார்.

பெண்கள் ஆஸ்பத்திரியின் லேடி டாக்டர் குழந்தையைத் தாயின் மடியிலேயே இருத்திப் பார்த்தார். கருவி எதையும் எடுக்கவில்லை. இரவில் அரிப்பு உண்டா, பூச்சி உண்டா, விளையாட்டில் எதையேனும் உள்ளே வைத்துக்கொண்டாளா என்று கேட்டார். அக்காவை வெளியே அனுப்பி, கூடப் போயிருந்த என்னை மட்டும் இருக்கவிட்டு, யாரேனும் துன்புறுத்தினார்களா என்று கோமதியிடமும் மெதுவாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே விடை. இறுதியில், “என்ன போட்டுக் கழுவுறீங்க?” என்றார். அக்கா பெருமையோடு வரிசையாகச் சொன்னார்.

“அதை நிறுத்துங்க. அதுதான் மருந்து.”

அந்த வயதில் அவ்விடத்துத் தோல் மிக மெல்லியது. சோப்பும் மஞ்சளும் அதை அரிக்கும். வளர வளர உரம்பெறும். வாரம் பத்துப் பேர் இதற்கே வருகிறார்கள் என்றார். வெதுவெதுப்பான வெறும் நீரில் இருவேளை உட்காரவைத்து ஒற்றித் துடைப்பது, முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, தளர்ந்த பருத்தி உடை, நிறையத் தண்ணீர், இவ்வளவே சிகிச்சை.

“நாளைக்குக் கல்யாணங் காச்சிக்கு ஒண்ணும் இடைஞ்சல் வராதுல்லம்மா?”

“ஆறு வயசுலயே மாப்ள பாத்தாச்சா?” என்று டாக்டர் சிரித்தார். “ஒண்ணும் வராது. போங்க.”

மூன்றாம் நாள் கோமதி தானாகவே செம்பை எடுத்து நீர் மொண்டு குடித்தாள். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனாள்.

சென்ற ஞாயிறு, பின்தெருப் பெண்ணொருத்தி இடுப்பில் மகளோடு வாசலில் வந்து நின்றாள். “சிலோன் அக்கா நீங்கதான? ஒங்களுக்கும் இருந்துச்சாமே, பார்வதியண்ணி சொன்னாக” என்றாள். காது சுட்டது. ஆயினும் உட்காரச் சொன்னேன். நிறுத்த வேண்டியவற்றைச் சொன்னேன். பழங்காநத்தத்தில் இரண்டு தெருவுக்குத் தெரிந்த என்னை யாழ்ப்பாணத்தில் உடன்பிறந்தவளுக்குத் தெரியாது. நான் இதை எழுதியனுப்பும் இச்சஞ்சிகை அங்கே எங்கள் வீட்டுக்கும் வரும். பின்னேரத்தில் அம்மா அதை எல்லோருக்குமாக உரத்து வாசிப்பார். திருக்கல் வண்டி என்னும் இடத்தில் அவருடைய குரல் நிற்குமா, தொடருமா என்பதை, கடலுக்கு இப்பால் இருக்கும் நான் கேட்க இயலாது.