புருவத்துக்குக் கீழிருந்து பார்த்தவர்

சிவலிங்கண்ணன் போய்விட்டார் என்று அம்பிட்டியவிலிருந்து செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. எமனையே ஒரு பார்வை பார்த்து, “யாருங்க நீங்க?” என்று வாசலோடு திருப்பி அனுப்பக்கூடியவர் அல்லவா!

எங்கள் புடைவைக்கடையில் அவரோடு விற்பனைக்கு நின்றவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். மேல்முதுகு வளைந்து, கழுத்து முன்னுக்கு நீண்டு, புருவத்துக்குக் கீழிருந்து கண்கள் மெல்ல மேலேறி வரும். அது பட்டால் நிரபராதியும் பையைத் திறந்து காட்டிவிடுவான். சேலை எடுக்க வந்த அம்மா ஒருவர் ஒருநாள் வெடித்தார்.

“என்னய்யா, களவாணியப் பாக்குற மாதிரி பாக்குற?”

“என் பார்வையே அப்படித்தாம்மா.”

கண்டி மாநகரில் ஒருவரும் நம்பவில்லை, நான் உட்பட.

முதலாளி தீர்ப்பளித்தார்: “நிமிந்து நில்லு. இல்லாட்டி கிடங்குக்குப் போ.” பேசிப் பேசி விற்பதே உயிரான மனிதருக்கு, வாடிக்கையாளர் முகமே இல்லாத கிடங்கு சிறைதான். டொக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றார் அண்ணன். முதலாளிக்கு அதிலும் சந்தேகம். “உண்மையாவே ஆஸ்பத்திரிக்குத்தான் போறானான்னு பாரு” என்று துணை என்ற பெயரில் என்னை அனுப்பினார். பேராதனை பஸ்ஸில் ஒற்றனும் குற்றவாளியும் ஒரே சீட்டில் போனோம்.

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். “சோம்பேறித்தனம் இல்லையா டொக்டர்?” என்றேன்.

“நீங்களும்தான் கூனி உக்காந்திருக்கீங்க. நிமிருங்க.”

நிமிர்ந்தேன்.

“அவரால அது முடியாது. மேல்முதுகு எலும்புங்க முன்பக்கம் ஒடுங்கி, ஆப்பு மாதிரி ஆயிருச்சு. வளர்ற வயசுலேயே வந்தது. தல முன்னுக்குச் சாயுறதால, எதிர்ல நிக்கிறவரப் பாக்கக் கண்ணத்தான் உயர்த்தணும்.”

அண்ணன் அதே கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். “வேவு பாக்க வந்தவரே, கேட்டுக்கிட்டீங்களா?”

முதலாளி இளகவில்லை. “டொக்டர் சொன்னத வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?”

“வேணாம் முதலாளி. கதிரை போடுங்க. அவங்க உக்காந்துட்டா நான் கண்ண உயர்த்தவே தேவையில்ல.”

அந்தத் தீபாவளிக்கு மலைநாடே திரண்டு வந்து எங்கள் கதிரைகளில் அமர்ந்தது. கிடங்குப் பேச்சு அடங்கியது.

நேற்றுப் பெட்டியில் அவர் தலை படியவில்லை. பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் தோளை அழுத்தப் போனார். “அழுத்தாதீங்க, அது எலும்பு” என்று தடுத்து, தலையணைகளை அடுக்க வைத்தேன். எங்களையெல்லாம் பார்த்தபடியே போனார் அண்ணன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாராவது என்னை ஒரு மாதிரிப் பார்த்தால், முதலில் அந்த ஆளின் முதுகைப் பார்க்கிறேன். அது நேராக இருந்தால்தான் சந்தேகப்படுகிறேன்.