செம்பூர் வீட்டு வாசல் குழிகள்

அறுபதுகளில் பம்பாய் செம்பூரில் நாங்கள் கீழ்ப்பகுதியில் குடியிருந்த வீட்டுக்கு, கேட்டிலிருந்து வாசற்படி வரை கார் வருவதற்கென்று போட்ட சிமெண்டுப் பாதை ஒன்று இருந்தது. எங்களிடம் காரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த வருஷத்து மழை ஓய்ந்தபோது பாதை முழுக்கக் குழிகள்தான் மிச்சம். மாடியில் இருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, மழையென்றால் குழி விழத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவருக்குக் கால் முறிந்து, அப்போதுதான் மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடக்க வேண்டும். அவர் வேலை பார்த்த குர்லா பட்டறையின் சேட், ஒன்றாம் தேதி வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேட் வரை பட்டறை வேன் வரும். கேட் வரை இவர் போக வேண்டுமே! குழியில் கட்டை சறுக்கினால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான்.

தாராவியிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொத்தனாரை வரவழைத்தேன். செங்கல் சல்லி போட்டு இடித்து, மேலே சிமெண்டு பூசினார். "மூணு நாளைக்கு ஒரு காலும் படக்கூடாதும்மா" என்றார். சுற்றிலும் கயிறு கட்டினேன். பால்காரரைக் கேட்டிலேயே நிறுத்தினேன். மாடிவீட்டுப் பிள்ளைகளை விரட்டியடித்தேன். இரண்டாம் நாளே பூச்சு பெயர்ந்து சல்லி பல்லைக் காட்டியது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கத்தினேன். மறுபடி பூசிவிட்டுப் போனார். அதுவும் பெயர்ந்தது. ஒன்றாம் தேதிக்கு நாலே நாள் இருக்கும்போது மூன்றாம் முறையாக வந்து நின்றார்.

"மண்ணள்ளிப் போட்டுட்டு சிமெண்டுன்னு சொல்லுதீயளா அண்ணாச்சி? ஊர்க்காரின்னும் பாக்காம ஏமாத்துதீயளே!"

"கலவைல குத்தமே கெடையாதும்மா. யாரோ சொரண்டி எடுக்காவ."

"யாரு சொரண்டுவா? எங் கையில சிக்கட்டும், வச்சுக்கிடுதேன்."

ஜன்னலோர நாற்காலியில் இருந்த என் கணவர், "நீதாம்ட்டி" என்றார். "தெனமும் விடிஞ்சதும் கயித்தத் தாண்டிப் போயி, வாளி வாளியாத் தண்ணியத் தெளிச்சு, ஈக்குமாத்த வச்சு வறக்கு வறக்குன்னு பெருக்குதது நீதான்."

தூக்கிவாரிப் போட்டது. வாசல் தெளிக்காமல் எனக்கு ஒரு நாள் விடிந்ததுண்டா? கால் படக்கூடாது என்றால் அடுத்தவர் கால் என்றே நினைத்திருந்தேன். வெட்கப்பட வேண்டிய இடத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"பாத்துக்கிட்டுத்தான இருந்தீய? ஏன் சொல்லல? போறது ஒங்க வேலையில்லா?"

"சொன்னா நீ கத்துவ. காலு ஒடஞ்சவன் எந்திச்சு ஓடவா முடியும்?"

கொத்தனார் குனிந்து கலவையைக் கிளற ஆரம்பித்தார்.

மூன்று நாள் நான் விளக்குமாற்றைத் தொடவில்லை. அவரோடு பேசவும் இல்லை. வேலை போனாலும் போகட்டும், இவளிடம் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்திருக்கிறாரே என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. ஒன்றாம் தேதி காலையில் கட்டையை ஊன்றி ஊன்றி அந்தப் பாதையில் இறங்கி நடந்தார். பூச்சு அசையவில்லை. பாதி தூரத்தில் தோளில் மாட்டியிருந்த பை நழுவி, டப்பா திறந்து, நான் கட்டிக்கொடுத்த சோறு புதுச் சிமெண்டில் கொட்டியது. கேட்டில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வேனையும் பார்க்கவில்லை, சோற்றையும் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி என் முகத்தைத்தான் பார்த்தார்.