பென்டிரைவில் நான் கொடுத்தது

பென்டிரைவைச் செருகியதும் ஓடுகிற மென்பொருள் இலவசம்; கணினிக்குள் ஏற்றினால்தான் காசு. இப்படி ஒரு சட்டம் உலு திராமில் எங்கள் வட்டாரத்தில் அமலில் இருந்தது. யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள். நானும் அதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பன்னிரண்டு பெண்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் கணினி வகுப்பு நடத்துகிறேன். சம்பளம் கிடையாது, பசியாற இட்லி உண்டு. வருகிறவர்கள் என் வயதுக்காரர்கள், சிலர் என்னைவிட மூத்தவர்கள். தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி, இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலைதான் வேண்டும் என்று கிளம்பியவர்கள். யாரிடமும் சொந்தக் கணினி இல்லை. மகனுடையதையோ மருமகளுடையதையோ இரவல் வாங்கி வருவார்கள். அதில் புதிதாக எதையாவது ஏற்றினால் வீட்டில் சண்டை. அதனால் ஆளுக்கொரு பென்டிரைவ் வாங்கி, ஏற்றாமலே ஓடக்கூடிய ஐந்து மென்பொருள்களை அதில் போட்டுக் கொடுத்தேன். கடிதம் எழுத ஒன்று, அட்டவணை போட ஒன்று, தமிழில் தட்டச்சு செய்ய ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று. ஐந்தாவது, பிடிஎஃப் கோப்பைத் திறந்து அதிலேயே திருத்துவதற்கு. அது பத்து பாகாட் என்கிற ஊரில் கணினி பழுதுபார்க்கும் என் உறவுக்காரர் கொடுத்தது. கடையில் வாங்கினால் என்ன விலை தெரியுமா என்று அவர் பெருமையாகச் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரில் முதலில் வேலை கிடைத்தது ஓர் அக்காவுக்கு. ஐம்பதைத் தாண்டியவர், கைப்பேசிக்குச் சில்லு செய்கிற தொழிற்சாலையில் இருபது வருஷம் இருந்தவர். பெர்மாஸ் ஜெயாவில், கடைவரிசை ஒன்றின் மாடியில் இருக்கிற சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் கிராணி வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அலுவலகத்தில் எழுதுகிறவரை நாங்கள் கிராணி என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் இன்னும் மவுசு இருக்கிறது. அன்று வகுப்பில் பாடம் நடக்கவில்லை, கேசரிதான் நடந்தது.

மூன்றாவது வாரம் அக்கா மண்டபத்துக்கு வந்து பென்டிரைவை என் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இத நீங்களே வச்சிக்கிங்க. எனக்கு இனிமே வேணாம்."

விஷயத்தைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் சோதனைக்கு வந்திருக்கிறார். அக்காவின் கணினி ஏதோ எச்சரிக்கை காட்ட, பென்டிரைவைத் திறந்து பார்த்திருக்கிறார். ஐந்தாவது மென்பொருள் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. யார் கொடுத்தது என்று மேலாளர் மேடம் கேட்டதற்கு, தானே எங்கிருந்தோ இறக்கியதாக அக்கா சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போங்கள், வேலை உண்டா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கிளாஸ மூடச் சொல்லிருவாங்க. இன்னும் பதினோரு பேரு இருக்காங்கல்ல" என்றார்.

முதலில் எனக்கு அந்த மேடம் மேல்தான் கோபம் வந்தது. இத்தனூண்டு மென்பொருளுக்கு ஒரு மனுஷியின் வயிற்றில் அடிப்பதா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் தனியாகத் திட்டிக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் அந்தப் பென்டிரைவைத் திறந்தேன். ஐந்தாவது மென்பொருளோடு ஒரு சின்னக் குறிப்பும் இருந்தது. திறப்பதற்கு முன் இணையத்தைத் துண்டித்துவிடு, இல்லையென்றால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அது புதிதல்ல. வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள் என்று வகுப்பில் நானே பன்னிரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாது என்று இன்று சொன்னால் அது பாதிப் பொய். மேடம் மேல் இருந்த கோபம் அப்படியே என் பக்கம் திரும்பியது. வெட்கமாக இருந்தது.

மற்ற நான்கின் உரிமங்களையும் உட்கார்ந்து படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. மூன்று சுத்தம், யாரும் எங்கும் பயன்படுத்தலாம், பிரதி எடுத்தும் கொடுக்கலாம் என்று அவற்றை உருவாக்கியவர்களே அனுமதி தந்திருந்தார்கள். படத்தைச் சுருக்குவது மட்டும் வீட்டுக்கு இலவசம், அலுவலகத்துக்குக் காசு. காசு கேட்கவில்லை என்பதும் அனுமதி உண்டு என்பதும் வேறு வேறு என்று எனக்கு இந்த வயதில்தான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கிளம்பினேன். பதினோரு பென்டிரைவையும் வாங்கி, இரண்டு மென்பொருள்களை அழித்து, அவற்றின் இடத்தில் எங்கேயும் பயன்படுத்தத் தடையில்லாதவற்றைப் போட்டுக் கொடுத்தேன். புதியவை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில், ஊரே வைத்திருக்கிறது, நமக்கு மட்டும் என்ன வந்தது என்று வாசலிலேயே நிறுத்தி வாதாடினார்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பென்டிரைவ் கைக்கு வரும்வரை நகரவில்லை.

திங்கட்கிழமை நானே நேரில் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் பதறினார். போலீஸ் கேஸ் ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்றார். ஆனால் ஆகட்டும் என்றேன். அவருக்கு என் பிடிவாதம் தெரியும், கார் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். போகிற வழியில் அக்காவின் வீட்டில் நிறுத்தினேன். வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

மேடம் சீனப் பெண்மணி. எங்களை உட்காரச் சொன்னார். கொடுத்தது நான், அக்கா என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார், தண்டனை எனக்குத்தான் என்று மலாயில் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் இழுப்பறையிலிருந்து நாலு பக்கத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா கையெழுத்துப் போட்டது. அலுவலகம் கொடுக்காத எந்த மென்பொருளையும் இங்கே ஓட்டமாட்டேன் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

மென்பொருளை மன்னிக்கலாம் என்றார் மேடம், தெரியாமல் நடப்பதுதான். ஆனால் இந்த மேசையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகிற அத்தனை தாளும் போகின்றன. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஒருவரை இங்கே எப்படி உட்கார வைப்பது என்று கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். திரையில் நீளமாக ஏதாவது வந்தால் படித்துக்கொண்டிருக்காதீர்கள், கீழே 'ஐ அக்ரீ' என்று இருக்கும், அதை அமுக்கிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தவள் நான். எல்லாரும் அப்படித்தான் லா என்று சிரிக்கவும் செய்தேன். அதையும் மேடத்திடம் சொன்னேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, பென்டிரைவ் விஷயத்தைவிடவும்.

மேடம் பதில் சொல்வதற்குள் அக்கா நிமிர்ந்தார். புதுத் தாள் ஒன்று கொடுங்கள் என்று மலாயில் கேட்டார்.

மேடம் எழுந்து போய் ஒரு பிரதி எடுத்து வந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். தமிழ்ப் பள்ளியில் படித்தவர், மலாய் வாசிக்க வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். விரலை வரியின் கீழே வைத்து உதட்டை அசைத்துக்கொண்டே போனார். ஒரு சொல்லில் தடுமாறுவது தெரிந்து நான் உதவப் போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார். தொலைபேசி இரண்டு தடவை அடித்தது, மேடம் எடுக்கவில்லை. நான்காவது பக்கம் முடிய முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்டுவிடுங்கள் அக்கா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

அக்கா பேனாவை எடுக்கவில்லை. மூன்றாவது பக்கத்துக்குத் திருப்பி, ஒரு வரியை மேடத்துக்குக் காட்டினார். பொருள் சேதமானால் ஊழியர் பொறுப்பு என்று இருந்தது. எந்தப் பொருள், யார் சேதப்படுத்தினால் என்று கேட்டார். மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். இத்தனை வருஷத்தில் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். முதலாளியிடம் கேட்டுத் திருத்தி வைப்பதாகவும், நாளை காலை எட்டரைக்கு வேலைக்கு வரும்போது கையெழுத்துப் போடலாம் என்றும் சொன்னார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நாளைக்கும் முதல்லேருந்து படிச்சிட்டுத்தான் போடுவேன், டீச்சர். லேட்டாகும்னு மேடத்துகிட்ட சொல்லிருங்க."